மோட்டார் ஓடும்போது எடுத்த டேப்

நாங்கள் ஹெவி மெட்டல் பதிவு செய்த அறை பட்டுப்புழு வளர்க்கிற அறை. இதைச் சொன்னால் இன்றைக்கு ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சுவர் ஓரமெல்லாம் மூங்கில் தட்டுகள், ஜன்னலுக்கு ஜன்னல் நனைத்த சாக்குப் படுதா, மேலே தென்னங்கீற்று. அந்த அறையில் கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழும். அப்படி ஓர் அறைக்காக இவர்கள் லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள். எங்களுக்குப் புழு கொடுத்தது.

எண்பதுகளின் கடைசி அது. இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன பிறகு மல்பெரித் தோட்டத்தையும் புழுவையும் அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்போது ஓசூரும் நம் தருமபுரி மாவட்டம்தான். சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிறு மாதா கோயில் பூசை முடித்து, திங்கள் விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவான். கோயில் பாட்டுக்குழுவில் பரம சாதுவாகக் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தவன், கூட வேலை செய்த பெங்களூர்க்காரர் கொடுத்த சில கேசட்டுகளைக் கேட்டுக் கெட்டான். கெட்டான் என்பது அம்மாவின் சொல். எனக்கு முதலில் தலைவலி வந்தது. அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளே ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழ ஆரம்பித்தது. அதோடு நானும் கெட்டேன்.

பெங்களூரில் ஒரு குழுவுக்குக் கித்தார்காரன் தேவைப்பட்டான். அவர்களிடம் இருந்தவன் வெளிநாடு போகிறான். சொந்தமாகப் போட்ட பாட்டு டேப்பாக வேண்டும் என்று அந்தக் கேசட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் அம்மாவிடம் வந்து நின்றான். அம்மா தழை நறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"இதான் கடைசி. இந்த டேப்பு எடுபடலீன்னா அந்தக் கித்தார வித்துப்போடணும். ஊருல எல்லாப் பையனும் கல்யாணம் காச்சின்னு இருக்கான், நீ சன்னி வந்தவனாட்டம் கத்திக்கிட்டுக் கெடக்கற."

"சரிம்மா," என்றான் அண்ணன். அவன் அப்படி உடனே ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கித்தார் இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். அப்பா செத்த வருஷம் அவனைப் பேச வைத்தது அதுதான்.

அம்மா இன்னொரு கட்டளையும் போட்டாள். ஊர்க்காரர்கள் வந்து கேட்காதபடி, த்ரீ பேஸ் கரண்ட் வந்து எல்லார் கிணற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் மட்டும்தான் அடிக்கலாம். ஆண்கள் எல்லாம் தண்ணீர் கட்டப் போயிருப்பார்கள், மோட்டார் இரைச்சலில் எங்கள் இரைச்சல் அமுங்கும். நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயம்தான் பிறகு எங்களைக் குப்புறத் தள்ளியது.

டிரம்ஸ் அடித்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். கவுண்டர் வீட்டு ஒரே பிள்ளை, அண்ணனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதர். தருமபுரியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் அடித்துக்கொண்டிருந்தார். டிரம் செட்டையும், ஆம்ப்ளிஃபயரையும், நாலு குமிழ் வைத்த ஒரு சின்ன மிக்ஸரையும் அங்கிருந்தே மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். பேசவே மாட்டார். பேசினால் உள்ளதைத்தான் பேசுவார். அந்தக் குணத்தை அப்போது நான் பெருமையாக நினைத்தேன்.

இவர்கள் இரண்டு பேரும் வாசிக்க, பொத்தானை அமுக்க ஓர் ஆள் வேண்டுமே. அது தங்கச்சியான நான். எங்களிடம் இருந்தது இரண்டு கேசட் டெக். முதல் டெக்கில் டிரம்ஸும் அடிப்படைக் கித்தாரும். அதை ஓடவிட்டு, அதோடு இன்னொரு கித்தாரைச் சேர்த்து இரண்டாவது டெக்கில். திரும்ப அதை ஓடவிட்டு, குரலைச் சேர்த்து மறுபடி முதல் டெக்கில். ஒரு தடவை கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பின் உஸ்ஸென்ற சத்தம் ஏறும், டிரம்ஸ் அடியில் போகும். அதனால் முதலிலேயே டிரம்ஸைக் கூடுதலாக வைக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று சொல்லித்தர ஆள் கிடையாது. மைக்கைப் புழுத் தட்டில் கட்டினேன், சாக்கில் சுற்றினேன், டிரம்முக்குள் அம்மாவின் பழைய சேலையைத் திணித்தேன். ஆம்ப்ளிஃபயரை அடங்காத அளவுக்குத் திருகினால் கித்தார் கரகரவென்று கிழியும். அதுதான் வேண்டும் என்றான் அண்ணன். அதைக் கொடுத்த ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

நேரம்தான் எங்களை விரட்டியது. ஒரு கூடு அறுவடை முடிந்து அடுத்த புழு வருவதற்குள் இருக்கிற இடைவெளிதான் எங்களுக்கு. மருந்தடித்துக் கழுவி, அறையை மூடிவைத்த பிறகுதான் புதுப் புழு வர வேண்டும். அதற்கப்புறம் கண்டவர்கள் உள்ளே கால் வைக்க முடியாது. கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மருந்து வாளியோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள். அண்ணன் கடைசிப் பாட்டின் குரலைப் பாடிக்கொண்டிருந்தான். கோவைப்பழம் மாதிரி சிவந்து எரிந்த குண்டு பல்பின் கீழே, கழுத்து நரம்பு புடைக்க அவன் அடித்தொண்டையில் இழுத்த அந்த இழுப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது அப்பாவுடைய குரல். அப்பா காட்டிலிருந்து கூப்பிடுகிற குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினேன்.

முடிந்தது. உடனே போட்டுக் கேட்டோம். நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

அப்போது த்ரீ பேஸ் போய் வீட்டுக் கரண்டு மட்டும் மிச்சமிருந்தது. ஒவ்வொரு கிணறாக மோட்டார் அடங்கியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. டெக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு எங்கள் கண் முன்னாலேயே எழுந்து ஓட ஆரம்பித்தது.

கித்தார் சுருதி ஏறியது. டிரம்ஸ் பறந்தது. அண்ணன் குரல் மீசை முளைக்காத பையன் குரலானது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குத்தான் முதலில் விளங்கியது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் விழும். எங்கள் பழைய டெக்குகள் கரண்டுக்குத் தகுந்தபடி சுற்றுகிறவை. மெதுவாகச் சுற்றிய டெக்கில் எல்லாப் பாட்டையும் பிடித்திருக்கிறோம். நல்ல கரண்டில் போட்டால் எல்லாம் வேகம். பெங்களூரில் நல்ல கரண்டு இருக்கும்.

"இது நான் வாசிச்சது இல்ல," என்றான் அண்ணன்.

"மறுபடி எடுக்கலாம்ணா," என்றேன்.

"எப்பிடி எடுப்பீங்க? நாளைக்குச் சாயங்காலம் புழு வருது," என்றாள் அம்மா. வாளியை உள்ளே வைத்தாள்.

அண்ணன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினான். அனுப்பினால் பொய். அனுப்பாவிட்டால் கித்தார் போச்சு. கடைசியில் ஒரு பிரதி எடுக்கச் சொன்னான். ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸுக்குப் போனான். போகும்போது சொன்னான்: "அவங்க கூப்பிடறதுக்குள்ள இந்த வேகத்துக்கு நான் வந்துட்டா அது பொய் இல்லல்ல?"

அதற்கப்புறம் வந்த சனி, ஞாயிறுகளில் அவன் மனுஷனாக இல்லை. மோட்டார் நிற்கிற வரை காத்திருப்பான். நல்ல கரண்டு வந்ததும் தன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி டேப்பைச் சன்னமாகப் போட்டு, சுருதி ஏறிப்போன அந்தப் பாட்டுக்கே கித்தாரை முறுக்கி ஏற்றிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் கூடவே வாசிப்பான். தடுக்கும். மறுபடி முதலிலிருந்து. விரல் நுனி வெடித்து, பிளாஸ்திரி ஒட்டி, அதுவும் பிய்ந்தது. முறுக்கின கம்பி அறுந்து அறுந்து போகும். சோற்றைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டான். அம்மா ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள்.

பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி. டிரம்ஸ் அடித்தவரையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லி.

புழு தோலுரிக்கத் தூங்குகிற நாள் அது, தழை போட வேண்டாம். அதனால் அம்மா என்னையும் அனுப்பினாள். "நீயும் போயிட்டு வா. என்ன நடந்துச்சோ அத எங்கிட்ட வந்து அப்பிடியே சொல்லு. அவன் மழுப்புவான்."

ஒரு பெரிய வீட்டின் கார் ஷெட்டில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாதிரி இருந்தவருக்குத் தோள்வரை முடி. அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு நேராக டிரம்ஸ்காரரிடம் போனார்.

"உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். இந்த ஸ்பீடுல அடிக்கற ஆள் பெங்களூர்ல இல்ல. உக்காருங்க."

இவர்களுக்கு வேண்டியது அண்ணன் இல்லையா?

டிரம்ஸ்காரர் உட்கார்ந்தார். எங்கள் முதல் பாட்டை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்திலேயே கால் பின்தங்கியது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தங்கியது. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தார். ஏதாவது சொல்லிச் சமாளியுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். காய்ச்சல் என்று சொல்லலாம். செட் பழக்கமில்லை என்று சொல்லலாம்.

"இந்த வேகம் என்னுது இல்லைங்க," என்றார் அவர். "எங்கூருல லோ வோல்டேஜு. டெக்கு மெதுவா ஓடி அப்பிடிப் பதிவாயிருச்சு. நான் இதுல முக்கால்வாசிதாங்க அடிப்பேன்."

அந்த நிமிஷம் அந்த மனுஷனை நான் வெறுத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. உண்மை பேச வேறு நாள் கிடைக்கவில்லையா?

ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். முடிக்காரர் சிரிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்களும் அதே கேஸ்தானா?"

அண்ணன் கித்தார் உறையைப் பிரித்தான். "டேப்பப் போடுங்க," என்றான். கித்தாரை எடுத்து, கம்பிகளை அந்தச் சுருதிக்கு முறுக்கி ஏற்றினான். அந்த முறுக்குச் சத்தத்தைக் கேட்கிறபோது எனக்குப் பல் கூசியது. டேப் ஓடியது. இவனும் ஓடினான். டேப்பில் இருக்கிற அண்ணனும் தரையில் நிற்கிற அண்ணனும் ஒட்டிக்கொண்டு போனார்கள். பாதியில் மெல்லிய கம்பி அறுந்து அவன் புறங்கையைக் கீறியது. நான் எழுந்துவிட்டேன். அவன் நிறுத்தவில்லை. அந்தக் கம்பியில் வாசிக்க வேண்டியதைப் பக்கத்துக் கம்பியில் தேடிப் பிடித்து, பாட்டின் கடைசி அடிவரை கூடவே போய் நின்றான்.

முடிக்காரர் டேப்பை அணைத்தார். "சாமான் எல்லாம் எப்ப கொண்டு வர்றீங்க?" என்றார்.

பஸ்ஸில் டிரம்ஸ்காரர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு திரும்பி, "நான் அப்பிடிச் சொன்னது தப்பா பாப்பா?" என்று கேட்டார். அவர் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் டேப்பே ஏமாற்று என்று எங்களை அனுப்பியிருப்பார்கள், அண்ணனுக்கு வாசித்துக் காட்டும் வாய்ப்பே வந்திருக்காது என்பது அதற்குள் எனக்கு உறைத்திருந்தது. "இல்லைங்கண்ணா," என்றேன்.

அண்ணன் அந்த மாதமே பெங்களூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைதானே அவர்களுக்குக் கச்சேரி.

அதற்கடுத்து விட்ட புழு கடைசிப் பருவத்தில் இருந்தது. அந்தப் பருவத்தில் அது தழை தின்கிற சத்தம் கீற்றில் மழை விழுகிற மாதிரி கேட்கும். ஒரு மத்தியானம் அம்மா தழை போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவன் டேப்பு ஒண்ணு இங்க கெடந்துச்சே, போடு. புழு மெரளாத மாதிரி சன்னமா வையி."

போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது யாரு? யாரோ பொடியன் கத்தறான்."

"அண்ணன்தாம்மா."

"எம்மவன் கொரலு எனக்குத் தெரியாதா."

அவளுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே த்ரீ பேஸ் வந்தது. கவுண்டர் கிணற்று மோட்டார் முதலில் உறுமியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. பல்பு சிவந்தது. டெக் தளர்ந்தது. பையன் குரல் இறங்கி இறங்கி, அடித்தொண்டையில் அப்பா மாதிரி கூப்பிடுகிற குரலாக வந்து நின்றது. அம்மாவின் கை தழையோடு அப்படியே நின்றுவிட்டது.

அவள் அழுதாள். நானும்தான்.

பட்டுக்கூடு இறக்குகிற வரை தினமும் த்ரீ பேஸ் வருகிற நேரம் பார்த்து, கையைக் கழுவிவிட்டு அம்மா அந்த டெக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரண்டு நன்றாக இருக்கிற நேரத்தில் அதைப் போட அவள் என்னை விடவே இல்லை.