குசினி யன்னலுக்கு வெளியே தேனீப் பெட்டி

முதலில் அரித்தது உள்ளங்கைகள். தேனீ கொட்டியதோ மணிக்கட்டில். நான்கு வருடமாகப் பின்வளவில் தேனீப் பெட்டி வைத்திருப்பவள் நான். கொட்டு வாங்குவது புதிதல்ல. குளிருக்கு முன் பெட்டியைச் சரிபார்த்து மூடிவிடலாம் என்று நின்றேன். அதற்குள் நாக்கு தடித்தது. குசினி வாசலில் விழுந்ததுதான் கடைசி ஞாபகம்.

மருத்துவமனையில் அதை அனபிலக்சிஸ் (உடல் முழுவதையும் ஒரேயடியாகத் தாக்கும் கடும் ஒவ்வாமை) என்றார்கள். பலமுறை தாங்கிய உடம்பும் திடீரென்று மாறலாமாம். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. என் உடம்பு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் கணவர் கரப்பான் பூச்சிக்கே கதிரையில் ஏறுகிறவர். "பெட்டியை ஆருக்காவது குடுத்திடுவம்," என்றார்.

"பக்கத்து வீட்டுப் புல்லுக்கையும் தேனீ நிக்குது. அதை ஆருக்குக் குடுக்கிறது?"

ஒவ்வாமை மருத்துவர் இம்யூனோதெரபியை (தேனீ விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்குவது) பரிந்துரைத்தார். குளிர்காலம் முழுவதும் எங்கள் புறநகரான ரோவிலில் இருந்து மருத்துவமனைக்கு வாராவாரம் போனேன். ஊசிக்குப் பின் அங்கேயே இருத்திவைத்துப் பார்ப்பார்கள். தொண்டை திறந்திருக்கிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்ப்பேன். நீங்களும் இந்தச் சிகிச்சையில் இருந்தால் உங்களுக்குத் தெரியும், அங்கே கடிகாரம் உதவாது. ஒரு விழுங்கலில் இருந்து அடுத்தது வரைக்கும்தான் நேரம்.

முழு அளவை எட்டிய பிறகும் மருத்துவர் எச்சரித்தார். பலன் இருக்கும், ஆனால் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், ஒவ்வாமை தாக்கினால் உடனே போடும் அட்ரினலின் ஊசி எப்போதும் கையில் இருக்கட்டும் என்றார்.

இங்கே செப்டெம்பரில்தான் வசந்தம். வெயில் வந்ததும் பெட்டி வாசலில் தேனீக்கள் நெரிந்தன. உள்ளே புது ராணி வளர்ந்தால் பாதிக் கூட்டம் பிரிந்து யாருடைய கூரைக்குள்ளாவது போய்விடும். அதைத் தடுக்க, முகவலை வைத்த என் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பை என் கணவர் போட்டுக்கொண்டு போனார். நான் யன்னலுக்கு உள்ளே நின்று கைபேசியில் வழி சொன்னேன்.

"தேனடைச் சட்டத்தின்ர கீழ் விளிம்பில கச்சான் கடலைக் கோது மாதிரி ஏதும் தொங்குதோ?"

"ஓம், ரெண்டு."

"அதுதான் ராணிக் கூடு. நசுக்குங்கோ."

அவர் குனிந்தார். பிறகு மெல்லிய குரலில், "முகவலைக்குள்ள ஒண்டு வந்திட்டுது," என்றார்.

அவருடைய கைகள் வலையைக் கழற்றப் போயின. அந்த இடத்தில் கழற்றினால் கூட்டம் முழுவதும் முகத்தில் இறங்கும். நான் யோசிக்கவில்லை. வெறும் சட்டையோடு ஓடிப்போய் அவரைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தேன். கதவைச் சாத்தும்போது என் கழுத்தில் சுரீரென்றது.

உடனே தரையில் படுத்தேன். இப்படியான நேரத்தில் எழுந்து நடக்கக் கூடாது. அவர் அட்ரினலின் ஊசியை இறுக்கிப் பிடித்தபடி முழந்தாளில் இருந்தார். அவருடைய ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"மூச்சு எப்பிடி? நாக்கு?"

விழுங்கினேன். இறங்கியது. மறுபடி விழுங்கினேன்.

"கழுத்து நோகுது," என்றேன் கடைசியில்.

"நோ மட்டுந்தானோ?"

"ஓம். நோ மட்டுந்தான்."

அவர் என் பக்கத்தில் தரையிலேயே சரிந்து அழுதார். எனக்கோ, என் உடம்பு விஷத்துக்குப் பழகிவிட்டதற்குச் சாட்சியான அந்த நோ குறைந்துவிடுமே என்று கவலையாக இருந்தது.