வரைபடத்தில் இடம் மாறியிருந்த எங்கள் மனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். முருகனைச் சிரிப்புக்கு இழுத்ததாகிவிடுமோ என்ற பயம் வேறு. அவன் மன்னிப்பான்.

சௌல்தாரி என்ற தீவுக் கிராமத்தில் எங்கள் முற்றத்தில் அப்பா நட்ட வேல் நிற்கிறது. நட்டதைப் பிடுங்கக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். வீட்டைப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டபோது நிலம் அளக்கப் பட்வாரி வந்தார். மூலைக் கல்லில் டேப்பை வைத்தார், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க நம்பர் பக்கத்து மனை. நீங்க இருக்கிறது அவரோடது."

வரைபடத்துக்கு வீடும் தெரியாது, ஆளும் தெரியாது. நான்கு கற்கள், இடையில் உள்ள தூரம், வடக்கைக் காட்டும் அம்பு, ஓர் எண், அவ்வளவுதான். பதிவில் என் பெயருக்கு நேரே இருந்த எண் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

விசாரித்ததில் புரிந்தது. அப்பாவுக்கு வலப்பக்கம், வங்காளிக் குடும்பத்துக்கு இடப்பக்கம் என்று குடியேற்றத்தின்போது மனை ஒதுக்கிய அதிகாரி சொன்னது சாலையில் நின்று. இவர்கள் கேட்டுக்கொண்டு வந்து இறங்கியது பின்னால் கடற்கழியில், படகில். அங்கிருந்து பார்த்தால் வலம் இடம், இடம் வலம்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு வங்காளி தாதா வேலியோரம் வந்துவிட்டார். அவர் எனக்கும் நான் அவருக்கும் தாதா, அதாவது அண்ணன்; என் மனைவி அவருக்கு பாபி, அண்ணி.

"க்யா தாதா, என் பாத்ரூம்ல குளிச்சிட்டு எனக்கே நமஸ்தே சொல்றீங்களா?"

என் மனைவி விடவில்லை. "அப்ப உங்க வீட்டு மீன் குளம் எங்களது. நாளைக்கே வலை போடுறேன்."

"பாபி, நீங்க வெஜ் ஆச்சே!"

"வெள்ளிக்கிழமை மட்டுந்தான்!"

சிரித்தேன். மறுநாள் பட்வாரியிடம் கேட்டேன். அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் எண்களை மாற்றிப் பதிவார்களாம். இல்லையென்றால் அப்பா நட்ட வேலை நானே பிடுங்க வேண்டும். சஷ்டி விரதம் இருந்தேன்.

அலுவலகத்தில் தாதா பேனாவை எடுத்தார், நிறுத்தினார். "ஒரு ஷர்த்."

"என்ன நிபந்தனை?" என்றேன்.

"உங்க முருகன் இத்தனை வருஷம் என் ஜமீன்லதானே இருந்தார்? எனக்குச் சுண்டல் கடைசியில வருது, அதுவும் ஆறிப்போய். இனிமே முதல்ல எனக்கு."

"சாமிக்கு அப்புறந்தான், தாதா."

"டீக் ஹை. சாமிக்கு அப்புறம், பாபிக்கு முன்னாடி."

கையெழுத்துப் போட்டார். இந்த வருடப் பங்குனி உத்திரத்துக்கும் சூடான சுண்டலோடு வேலியைத் தாண்டிய என் மனைவி, "பூசை பண்றது நானு, மொதல்ல திங்கிறது அவரா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

எல்லாம் அவன் செயல். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி. முருகன் தாதாவின் கனவில் வந்து அதட்டினான் என்று மட்டும் யாரும் சேர்க்க வேண்டாம். வந்திருந்தால் நான் எழுதாமல் விட்டிருப்பேனா?