ராணியின் பழைய ஸ்கேன்

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் வேம்புலிக்குக் காது அடைத்துக்கொண்டது.

"தலைக்குள்ள ஒரு கட்டி இருக்கும்மா. பட்டாணி அளவு. புதுசா வந்ததா, பழசான்னு எனக்குத் தெரியணும். மூணு வருஷம் முன்னாடி கீழே விழுந்து அடிபட்டப்போ ஒரு ஸ்கேன் எடுத்ததா சொன்னீங்களே, அது எங்கே?"

அவர் மனைவி ராணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஓயாத தலைவலி என்றுதான் வந்திருந்தாள். அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து வீட்டில் அரிசி ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அந்த ஃபிலிமு மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள வந்தப்போ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு சார். பேப்பரும் போச்சு. ஒரு சிடி மட்டும் கீது. சாமி அலமாரில வெச்சிருந்ததால தப்பிச்சுது" என்றார் வேம்புலி.

"நல்லதாப் போச்சு. பழைய ஸ்கேன்லயும் கட்டி இதே அளவு இருந்தா பயமில்ல, அப்படியே விட்டுப் பார்த்துக்கலாம். இல்லேன்னா வெள்ளிக்கிழமை தலையைத் திறந்து எடுத்திடணும். இங்க கம்ப்யூட்டர்ல சிடி போட இடமில்ல. பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு வாங்க. ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

தலையைத் திறக்கணும். ஒரு டப்பாவைத் திறப்பது போல அவர் சொல்லிவிட்டார். வேம்புலி இரண்டு கையையும் கூப்பினார். "யம்மா வேம்புலி" என்று தன் பேருக்குரிய அம்மனைத்தான் கூப்பிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கள்ளிக்குப்பத்தில் பிறந்து கள்ளிக்குப்பத்திலேயே இருப்பவர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. இருபது வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. அதில் ஒரு விரல் நுனி போன பிறகு, மேனாம்பேட்டில் கங்காதரன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கிப் பெருக்கி, சூடம் காட்டிவிட்டுத்தான் மெயின் சுவிட்சைப் போடுவார். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் மெஷின் எழுப்பும் சத்தத்தை வைத்தே எதில் பேப்பர் சிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார்.

ராணியை வீட்டில் விட்டுவிட்டு, சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் முதலில் ஓடியது பழைய ஸ்கேன் சென்டருக்கு. அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அம்பத்தூரில் இரண்டு கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டார். "சிடியா? அதெல்லாம் இப்ப யாரு நைனா வெச்சிகினு கீறாங்க" என்று சிரித்தார்கள். அப்புறம்தான் தன் கடையிலேயே ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு மாட்டிய, தட்டையான கறுப்பு டிரைவ். தினமும் துடைத்து வைத்தும் ஞாபகம் வராமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடையில் டைப் அடிப்பவள் ஜெயப்பிரியா. சிவகாசிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். கடைக்கு வருகிற எல்லோரும் அவளுக்கு அண்ணன்தான். விஷயத்தைக் கேட்டதும் தட்டச்சு செய்துகொண்டிருந்த வாடகைப் பத்திரத்தை அப்படியே ஓரம் தள்ளினாள்.

"குடுங்கண்ணே. அஞ்சு நிமிஷ வேலை."

சிடி உள்ளே போனது. டிரைவ் சுற்றியது, டிக் டிக் என்றது, நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் டிக் டிக். அவள் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வரிவரியாக ஏதோ அடித்தாள். பதில் வந்தது. அவள் முகம் மாறியதை வேம்புலி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்லுது?"

"உள்ள சிடியே இல்லேங்குதுண்ணே."

வேம்புலி டிரைவை எட்டிப் பார்த்தார். "இல்லையா? என் கையாலதானே குடுத்தேன்! அப்போ உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சா?"

பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த கங்காதரன் எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. இந்த லினக்ஸோட வேலையே இதுதான். விண்டோஸுக்குப் பதிலா ஓசில கெடைக்குதேன்னு போட்டேன். ஓசில வந்தது இஷ்டம் இருந்தா வேலை செய்யும், இல்லேன்னா குந்திக்கும்."

"லினக்ஸைக் குத்தம் சொல்லாதீங்கண்ணே. ஏழு வருஷமா ஒரு வைரஸ் வந்திருக்கா இதுல?" ஜெயப்பிரியா திரும்பாமலே சொன்னாள்.

"உன் வாத்தைச் சொன்னா உனக்குக் கோவம் வந்துடுமே!"

லினக்ஸின் சின்னமாகத் திரையின் மூலையில் இருந்த பறவையைத்தான் அவர் வாத்து என்பார். அது பென்குயின் என்று அவள் நூறு முறை சொல்லியாயிற்று.

மணி மூன்றரை. ஜெயப்பிரியா ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினாள். சிடியைத் திறக்கக் கம்ப்யூட்டர் அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்தாள், தந்திருந்தது. மெஷினை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் அதே டிக் டிக், அதே பதில். வேம்புலி சுவரில் சாய்ந்து நின்று உதடு அசையாமல் அம்மனைக் கும்பிட்டபடி இருந்தார். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் தனியாக இருப்பவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாளோ?

"அண்ணே, பிரிண்டர் வாங்கும்போது ஒரு சிடி குடுத்தாங்கல்ல? அதை எடுங்க" என்றாள் கங்காதரனைப் பார்த்து.

உறைகூடப் பிரிக்காத புது சிடி. அதைப் போட்டாள். டிக் டிக். இல்லை.

ஜெயப்பிரியா மேசையைத் தட்டினாள். "பாத்தீங்களா! புதுசையும் இல்லேங்குது. அப்ப உங்க சிடி மேல தப்பில்லண்ணே. டிரைவ் மேலதான் தப்பு."

"லினக்ஸு மேல இல்லையா?" என்றார் கங்காதரன், விடாமல்.

"இல்ல. இந்தா பாருங்க, டிரைவோட பேரு, கம்பெனி எல்லாம் திரையில வருது. கம்ப்யூட்டருக்கு டிரைவ் தெரியுது. டிரைவுக்குத்தான் சிடி தெரியல. உள்ள குண்டுமணி மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும். அது வழியாத்தான் சிடியைப் படிக்கும். அதுல தூசி கீசி அடைச்சிருக்கணும்."

வேம்புலி சுவரை விட்டு நிமிர்ந்தார்.

தூசி இல்லை. அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

போன ஆயுத பூஜை அன்று மெஷின்களை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தபோது, அந்த டிரைவில் கை பட்டு, தட்டு தானாக வெளியே வந்தது. தட்டின் நடுவே பளபளவென்று ஒரு சின்னக் கண். மெஷினுக்கு உள்ளே இப்படி ஒரு கண் இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். மற்றதற்கெல்லாம் மேலோடு பொட்டு வைத்துவிட்டு, இந்தக் கண்ணை விட்டால் குறையாகிவிடும் என்று, பயபக்தியோடு சந்தனத்தைக் குழைத்து அதன் மேலேயே வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துத் தட்டை மூடினார். அதன் பிறகு கடைக்கு ஒருவரும் சிடி கொண்டுவரவில்லை.

ராணிக்காகத் தினமும் கும்பிட்ட கை. அந்தக் கையாலேயே அடைத்து வைத்திருக்கிறார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். தூசி என்றே போயிருக்கும். ஆனால் வேம்புலிக்கு அது வராது.

"ஜெயா... அதுக்குப் பொட்டு வெச்சது நான்தாம்மா."

ஜெயப்பிரியா தட்டை இழுத்துச் சிடியை எடுத்தாள். இதுவரை இருந்த அவசரத்தில் அதன் அடியில் அவள் பார்க்கவே இல்லை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியே தெரியவில்லை. மஞ்சளாகக் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் சிவப்பு.

கங்காதரனுக்கு வாயில் இருந்த டீ புரையேறியது. "யோவ்! டிரைவு கண்ணுக்கா பொட்டு வெச்ச? ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா!" சிரிக்க ஆரம்பித்தவர், வேம்புலி முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவரே மருந்துக் கடைக்கு ஓடி ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் வாங்கிவந்தார்.

"அழுத்துனா கண்ணாடி கீறிடும். யாரும் பேசாதீங்க" என்றாள் ஜெயப்பிரியா.

முதல் குச்சி மஞ்சளாக வந்தது. அடுத்தது சிவப்பாக. ஊறவிட்டு ஊறவிட்டுத் துடைத்தாள். ஒன்பதாவது குச்சி வெள்ளையாக வந்தபோது மணி நாலே முக்கால். காயவிட்டுச் சிடியைப் போட்டாள். சுற்றியது. டிக் என்றது. வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த டிக் வரவில்லை. மூச்சு இழுப்பது போல ஒரே சீரான சத்தம்.

"வந்துருச்சுண்ணே! மதினி பேரே இருக்கு பாருங்க!"

அவரால் படிக்க முடியாத எழுத்துதான். ஆனாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் திரையை நோக்கிக் கை போனது. "தொடாதீங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஜெயப்பிரியா எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். வழியில் வீட்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ராணியும் அவரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். டாக்டர் பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்து உருட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அதே இடம். அதே அளவு. ஒரு மில்லிமீட்டர்கூட வளரல. ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்."

ராணி திடுக்கிட்டுப் போனாள். "அப்போ மூணு வருசமா இது உள்ளதான் இருந்துச்சா சார்? அன்னிக்கு எலும்பு ஒடையல, ஊட்டுக்குப் போன்னுதானே சொன்னாங்க! நாங்க கோயிலாண்ட பொங்கல் வெச்சிட்டு நிம்மதியா இருந்தமே!"

"ரிப்போர்ட்ல எழுதியிருப்பாங்கம்மா. யாரும் படிச்சுச் சொல்லலையா?"

ரிப்போர்ட்டை வாங்கிவந்தவர் வேம்புலி. மடித்துக் கண்ணில் ஒற்றி, ஃபிலிமோடு தகரப் பெட்டியில் வைத்தவரும் அவரே. அது இங்கிலீஷில் இருந்தது. அவர் பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல பொட்டு வெச்சியா? யோவ், உன் பக்தில என் தலையே போயிருக்கும்யா."

"தப்புதான் ராணி."

ஆறு மாசம் கழித்து இதே பென் டிரைவ் வேண்டியிருக்குமே என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். இன்னொரு கை சட்டைப் பையில் குங்குமப் பொட்டலத்தைத் தேடிப் போய்விட்டது. போனதை அவரே கவனிக்கவில்லை, ராணி கவனித்துவிட்டாள்.

"இன்னா பண்ணப்போற நீ?"

அவர் அதிர்ந்துபோய் விரலைப் பார்த்தார். நுனியில் குங்குமம். பென் டிரைவை அவள் சட்டென்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, நெற்றியை அவர் பக்கம் நீட்டினாள்.

"இங்க வை. இது தாங்கும்."