நாய்த் தட்டில் வடகம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். துறையூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், நாய்க்கு மக்கரோனி போடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கோதுமை மாவைக் குழல் குழலாகப் பிழிந்து காயவைத்த பண்டம் அது. போடலாம். உப்பில்லாமல் குழைய வேகவைத்து, ஆறவைத்து, கறித்துண்டோடு அளவாகப் போட்டால் ஒன்றும் செய்யாது. அதன்மேல் ஊற்றுவதில்தான் ஆபத்து. வெங்காயமோ பூண்டோ சேர்ந்த எதையும் ஊற்றக்கூடாது. இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நான் முதலில் சேர்ந்த வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது. அங்கே எனக்கு விசித்திரமாகப் பட்டது, நாய்க்கென்று தனியாக உலை வைப்பதுதான். பிஜூ என்று அதற்குப் பெயர். முயலை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை நாய். பகல் பன்னிரண்டு மணிக்கு நீலப் பூப் போட்ட பீங்கான் தட்டில் அதற்கு மக்கரோனி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் நாய்க்காக யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அதற்கு. ஆனால் வெறும் சோற்றை வைக்கமாட்டார்கள்; சட்டியில் ஒட்டிய குழம்பையாவது வழித்து ஊற்றிப் பிசைந்துதான் வைப்பார்கள். வெறும் சோறு போடுகிற வீட்டுக்காரிக்கு மனசு இல்லை என்று பேச்சு வரும். அப்படி வளர்ந்த எனக்கு, இத்தனை பெரிய வீட்டில் அந்த நாய் உப்பும் உறைப்பும் இல்லாத வெள்ளைக் குழல்களைத் தின்பது பாவமாக இருந்தது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது, கூச்சம் வேறு. வீட்டுக்கார அம்மா, மதாம், எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ என்பதற்கு ‘உய் மதாம்’ என்று தலையாட்டுவேன். ஒருநாள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் உய் சொல்லிவைத்தேன். இரண்டு நாள் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். ரொசாலிதான் வந்து எழுப்பினாள். புதுச்சேரியிலேயே உப்பளம் என்கிற பேட்டையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். பாத்திரம் கழுவுவதும் சாயங்காலம் பிஜூவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதும் அவள் வேலை. “இன்னாண்ணே, எதுக்கெடுத்தாலும் உய்யி உய்யின்னுகினு. நாளைக்கி உன்ன வித்துடட்டுமான்னு கேட்டாலும் அதான் சொல்லுவ போல” என்றாள். அதற்குப் பிறகு மதாம் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை மதாமுக்கும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து வரும்போது என் மனைவி ஒரு பானை வடகம் கொடுத்தனுப்பியிருந்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் காயவைத்தது. எனக்குக் குழம்பு தாளிக்கும்போது பிஜூ வந்து காலடியில் நிற்கும். அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அதனிடம் மட்டும்தான். ஒருநாள் தாளிப்பைக் கொஞ்சம் மக்கரோனியில் பிசைந்து வைத்தேன். தட்டை நக்கித் துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. மறுநாளிலிருந்து அதற்கென்றே ஒரு கைப்பிடி வடகம் போட்டுத் தாளித்தேன். எண்ணெயில் பொரிந்த வெங்காயம் மக்கரோனிக் குழல்களுக்குள் புகுந்து கிடக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது.

பிறகு பிஜூ படுத்துவிட்டது. ஈறு வெளுத்தது. மூத்திரம் பழுப்புச் சிவப்பாகப் போயிற்று. குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரர் வந்து, உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் ஊரில் அழுகின வெங்காயம் தின்ற மாடுகள் இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறாராம். மதாம் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். ரொசாலி சொன்னாள்: “வெங்காயம், பூண்டு எதுனா நாய்க்குப் போட்டியான்னு கேக்குறாங்கண்ணே.”

நான், “மக்கரோனி மட்டும்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவசரப்படாமல், இன்னொரு சொல் வருமா என்று பார்ப்பதுபோல நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் நான் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். வீட்டில் ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் வெளியில்தான் எதையோ தின்றிருக்க வேண்டும் என்றார் வைத்தியர். வெளியில் கூட்டிப்போகிறவள் யார்? அன்று சாயங்காலமே ரொசாலியை நிறுத்திவிட்டார்கள். என் பொய்யைத் தன் வாயால் சொல்லி அவளே தன் வேலையை இழந்தாள். அவள் படியிறங்கிப் போவதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வடகத்தை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் பிஜூ எழுந்து நடந்தது. வெறும் மக்கரோனியைத்தான் தின்றது, அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை. அது தேறத் தேற, நோய்க்குக் காரணம் நான்தான் என்பது எனக்கு உறுதியாயிற்று. அப்போதாவது மதாமிடம் சொல்லியிருக்கலாம். பாஷை இல்லையே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பாஷை வருவதற்குள் அவர்கள் நாயோடு கப்பலேறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உப்பளத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர் வீடுகளில் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்ததில் ரொசாலிக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அது என் தப்புதான் என்று நான் ஆரம்பிப்பதற்குள், “தெரியும்” என்றாள். “அந்தத் தட்ட தெனம் கழுவுனது யாரு? வடகம் தாளிச்ச வாசம் எனக்குத் தெரியாதா?”

“அப்போ ஏம்மா சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு நின்னேன். நீ சொல்லல. உன் வாய்ல வராதத நான் எப்பிடிண்ணே சொல்றது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கத்தியைக் கழுவிவிட்டு, “வெயில் ஏறுது, போ” என்றாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் வந்து நின்ற நாய்க்கு மனைவி சோறும் குழம்பும் பிசைந்து கொண்டுவந்தாள். நான் அந்தக் கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டு குந்தி, சோற்றிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பக்கத்து வீட்டார் வெள்ளைக்காரத் துரை வந்திருக்கிறார் என்று சிரித்தார்கள். “நம்மூரு நாய் எல்லாம் இதத் தின்னுதாங்க வளந்துச்சு” என்றாள் மனைவி. பிஜூவைப் படுக்கவைத்தது அவள் கொடுத்தனுப்பிய வடகம்தான் என்று எப்படிச் சொல்வேன்? புதுச்சேரியில் சொல்லப் பாஷை இல்லை என்றேன். ஊரில் சொந்தப் பாஷையிலும் அதைச் சொல்ல முடியவில்லை. பொறுக்கிய வெங்காயம் உள்ளங்கையில் இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க் கணக்குக்கு ஈசுவர வருஷம் ஐப்பசி மாதம் பன்னிரண்டு; இங்கே ஒக்தோபர் இருபத்தெட்டு, 1937.