சாளைக்கு அடியில் இருந்த புரதம்

பாரமில்லாத வெள்ளை நுரைப் பெட்டியின், ரெஜிபோம் பெட்டியின், மூடியைச் சிப்பாய் துப்பாக்கி முனையால் நெம்பித் திறந்தான். ஐஸின் மேல் சாளை மீன்கள். அவற்றைப் பரப்பியவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர்; நான் அண்ணை என்று அழைத்தவர். புரதக் குழாய்களை நகரின் இன்னொரு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் நாளெல்லாம் பேலியகொடைச் சந்தையில் மீன் வாங்கி மேலே போடுவார். மீனைக் கண்டால் எந்தச் சோதனைச் சாவடியிலும் ஐஸைக் கிளற மாட்டார்கள். அந்தப் போர்க்காலக் கொழும்பில், குழாய்களோடு பிடிபட்ட தமிழனிடம் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

குழாய்களில் இரண்டு புரதங்கள். ஒன்று பக்டீரியாவின் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துக்கொண்டு ஓடும் நொதி. மற்றது, தொடங்கவேண்டிய இடத்தில் ஏற்றும்வரை அந்த நொதியை ஓடவிடாமல் பற்றி வைத்திருப்பது. ஏற்றியதும் அது விலகவேண்டும். விலகாவிட்டால் நொதி அசையாது. பற்றும் புரதத்தை எவ்வளவு சேர்த்தால் நொதி நிற்கும் என்று அளப்பதே என் ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா முகத்துவாரத்தில் மீன்கூடை சுமந்தவர்.

"மாலு, மாத்தயா," என்றார் அண்ணை. மீன்தான், ஐயா.

வெள்ளவத்தைச் சாவடியே சிரித்தது. சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாலுக்காரி!" என்று என்னை மற்றவனுக்குக் காட்டினான். மீன்காரி.

"தங்கச்சி, வாயைத் திறக்காதேங்கோ," என்று அண்ணை முணுமுணுத்தார். "மீன்காரி எண்டே இருங்கோவன், என்ன குறைஞ்சுபோச்சு?"

நான் திறந்தேன். நான் மீன்காரி இல்லை, ஆராய்ச்சி மாணவி, அடியில் இருப்பது புரதம் என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. சிப்பாய் பெட்டியைக் கவிழ்த்தான். குழாய்களைச் சப்பாத்தால் நசுக்கினான். பொய் சொன்னாயா என்று துப்பாக்கிக் கட்டையால் அண்ணையின் இடது காதில் அடித்தான். விழுந்தவரின் கழுத்தை இன்னொருவன் மிதித்தான். தெருவில் சிதறிய ஐஸ் சிவந்தது. என் பல்கலைக்கழக அட்டையைப் பார்த்து என்னை விட்டார்கள். அவரை ஜீப்புக்குள் தூக்கி எறிந்தார்கள்.

ஒன்பதாம் நாள் அண்ணையை விட்டார்கள்; தலையில் கட்டோடு நேரே வேலைக்கு வந்தார்.

"அளந்தாச்சோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் நசிஞ்சு போச்சு."

"திரும்ப வளர்ப்பம். பக்டீரியாவுக்கு என்ன, ஐடென்டிகார்ட் இல்லாமலே பெருகும்."

திரும்ப வளர்த்தோம், அளந்தோம். பற்றும் புரதம் மிஞ்சியபோது நொதி முற்றாக நின்றது. அந்த வரைபடத்தை இன்று நான் பெருமையோடு மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

பட்டம் கிடைத்த அன்று, குழாய் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், "எல்லாம் என்னாலதான் அண்ணை, மன்னியுங்கோ," என்றேன். அவர் திரும்பவில்லை. இடது காது இனிக் கேட்காது என்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றேன்.