ஆலாபனையில் அசைந்த விரல்கள்

அந்த ஷாட்

"வீடியோ போட்டிருக்கேளே, அதுல ஒரு எடத்துல என் கை மட்டும் வர்றது. அதை எடுத்துடணும்மா."

அபிராமபுரத்தில் இருக்கும் எங்கள் எடிட் அறை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே சேஷாத்ரி மாமா இதைச் சொன்னார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைத் திரைக்காகப் படம்பிடிப்பது என் வேலை. நான்கு கேமரா, ஒரு ஸ்விட்சர், காதில் ஹெட்செட். எந்தக் கேமராவின் படம் எந்த நொடியில் போகவேண்டும் என்று பட்டனை அழுத்துகிறவள் நான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவளுக்கு வாய்த்த பிழைப்பு. பாட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும், நான்தான் அலைவேன். முகம், வயலின் வில், விரல், தம்புராவின் தந்தி, திரும்ப முகம்.

மாமா மிருதங்க வித்வான். மயிலாப்பூர்க்காரர். பெரிய பெயர்களுக்கும் வாசிப்பார், முதல் மேடை ஏறும் பையனுக்கும் அதே கவனத்தோடு வாசிப்பார். மாமா சொன்ன வீடியோவுக்காக அன்று நாங்கள் எடுத்தது சபையோர் இல்லாமல் இணையத்துக்காக மட்டும் நடந்த கச்சேரி. ஆலாபனையில், அதாவது பாடகர் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் பகுதியில், மிருதங்கத்துக்கு வேலை இல்லை. வாத்தியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்கள். அப்போது அவர்களிடம் ஒரு தடவை போய்வருவது எங்கள் வழக்கம். கேட்கிற மனிதர் ஒருவர் திரைக்கு வேண்டும்.

போனேன். மாமாவின் வலது கை மட்டும் ஃபிரேமில் இருந்தது. மூன்று விரல்கள் தோலைத் தொட்டும் தொடாமலும் ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தன. அழகாக இருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றேன்.

வீடியோவின் கீழே அதற்குத்தான் பாராட்டு. 'கை சும்மா இருக்கும்போதும் உள்ளே கணக்கு ஓடுகிறது பாருங்கள்' என்று ஒருவர். 'லயம் ரத்தத்தில் இருந்தால் இப்படி' என்று இன்னொருவர்.

"எல்லாரும் அதைத்தானே கொண்டாடறாங்க மாமா? விரல்ல தாளம் ஓடுதுன்னு."

மாமா என்னைப் பார்த்தார்.

"ஆலாபனைக்கு ஏதும்மா தாளம்?"

இத்தனை வருஷமாகக் கச்சேரியிலேயே கிடக்கிறவள் நான். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். பாராட்டு எழுதியவர்களுக்கும் தெரியும். இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வித்வானின் விரல் அசைந்தால் அது தாளமாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம்.

"வாசிக்கறச்சே ஒண்ணும் தெரியாது. கை சும்மா இருந்தாத்தான் ஆடறது. டாக்டர் ஏதோ பேர் சொன்னார், வாயில நுழையலை. இது வெளில தெரிஞ்சா மார்கழி சீசனுக்கு எவன் கூப்பிடுவான்? வாசிக்காம ஆத்துல உக்கார எனக்குத் தெரியாதும்மா."

கச்சேரியை நடத்திய சபா செக்ரட்டரியிடம் ஃபோகஸ் சரியில்லை என்று சொல்லி, அந்த இடத்தில் வயலினை வைத்து வேறு ஃபைல் கொடுத்தேன்.

மூஞ்சி போகலாம்

அதன்பிறகு மாமா வாசிக்கும் கச்சேரிகளில் எங்களுக்கு ஒரு விதி. கேமரா த்ரீ ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். பட்டினப்பாக்கத்து ஆள். மிருதங்கம் எப்போதும் அவர் பொறுப்பு.

"மாமா வாசிக்காதப்போ கையில போகக்கூடாது ஏழுமலை."

"இன்னா மேடம், எதுனா சண்டையா?"

"சண்டை இல்ல. போகக்கூடாது, அவ்வளவுதான்."

"மூஞ்சில போலாமா?"

"போகலாம்."

"மூஞ்சி சோக்கா கீது மேடம் அவருக்கு. கண்ணை மூடிக்கினு தலைய ஆட்டுவாரு பாரு, காசு குடுத்தாலும் வராது." கொஞ்ச நேரம் கேபிளைச் சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கைதான மேடம்? நானும் பார்த்துக்கினுதான் கீறேன். வியூஃபைண்டர்ல என்னாண்டதான மொதல்ல தெரியும்" என்றார்.

அப்படியே சில மாதங்கள் ஓடின. மாமா பாடல்களுக்கு நடுவே வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார். சில சமயம் மேல்துண்டை மடியில் போட்டு அதற்குள் வைத்துக்கொள்வார். அந்த நேரங்களில் நாங்கள் வேறெங்காவது இருப்போம். ரசிகர் முகத்தில், வில்லின் நுனியில், மேடைப் பூ அலங்காரத்தில். அவர் ஒளித்தார், நாங்கள் உடந்தை.

தனி

தி. நகரில் ஒரு ஹால். இப்போதெல்லாம் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்இடி திரை வைக்கிறார்கள். நான் அழுத்தும் பட்டன் அந்த நிமிஷமே எல்லார் கண்ணுக்கும் போய்விடும். எடிட்டில் சரிசெய்யலாம் என்ற பேச்சே இல்லை.

கச்சேரிக்கு முன் மாமா கூப்பிட்டனுப்பினார். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து மிருதங்கத்தின் விளிம்பைக் கட்டையால் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தனியாவர்த்தனம் பூரா என் கைமேலயே இரு. எங்கயும் போகாதே."

தனியாவர்த்தனம் என்றால் பாட்டு நிற்கும். தாள வாத்தியம் மட்டும் தனியாகப் பேசும். அன்று கடமும் கஞ்சிராவும் இல்லை, மாமா மட்டும்தான்.

"சரி மாமா. வாசிப்பு முடிஞ்சதும் கையை விட்டு வெளிய வந்துடறேன்."

"வராதே. முடிஞ்சப்பறமும் இரு."

ஹெட்செட்டைக் கழற்றினேன்.

"பாரு, ஒளிச்சு ஒளிச்சு, இப்ப வாசிக்கறச்சேயும் கை ஒளிய ஆரம்பிச்சுடுத்து. விழ வேண்டிய எடத்துல தயங்கறது. அதுக்குப் பழக்கம் பண்ணிட்டேன். ஒரு தனியாவது பயமில்லாம வாசிக்கணும்."

"தெரிஞ்சா கூப்பிட மாட்டாங்க மாமா."

"நீ சொல்லித்தான் தெரியணுமா நேக்கு?" என்று சிரித்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டார்.

அந்தத் தனியைப் பற்றி என்ன எழுத? எழுத்தில் கேட்காது. கதவளவு பெரிதாக அந்தக் கை திரையில் நின்றது. நரம்பு, நகம், ஆள்காட்டி விரலின் காய்ப்பு. ஒரு தயக்கம் இல்லை. மழை ஓட்டின்மேல் தொடங்கி முற்றத்தில் இறங்கி, பிறகு தெருவெல்லாம் ஓடுகிற மாதிரி வாசித்தார். நான் பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் ஒரே ஷாட்டில் நான் இருந்ததில்லை.

தனியை முடித்துவைக்கும் கோர்வை முடிந்து, பாடகர் பல்லவியை எடுத்து, பாட்டும் முடிந்தது. கைதட்டல். வலது கை தொடைக்கு இறங்கியது.

"மேடம், ஆடப்போவுது. வெளிய வரட்டா?" ஹெட்செட்டில் ஏழுமலை.

"வேணாம். இரு."

"ஆடுது மேடம்."

"தெரியும். இரு."

"நமக்கே பேஜாரா கீது மேடம்."

"இரு ஏழுமலை."

இரண்டு திரைகளிலும் அந்தக் கை நடுங்கியது. கைதட்டல் முன்வரிசையில் முதலில் நின்றது, பிறகு பின்னால் வரை நின்றது. மாமா துண்டைத் தேடவில்லை. மற்ற கையால் பிடிக்கவும் இல்லை. அடுத்த பாட்டுக்குச் சுருதி பார்க்கப் பாடகர் திரும்பும்வரை நான் வெட்டவில்லை.

தேதி

ஹாலில் யாரோ அந்தத் திரையை மொபைலில் எடுத்திருந்தார்கள். மறுநாள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. வாசிப்பு இல்லை, நடுக்கம் மட்டும். அதன்மேல் சோகமாக ஒரு புல்லாங்குழலைப் போட்டிருந்தார்கள். கீழே அழுகிற பொம்மைகள், கும்பிடுகிற கைகள்.

மாமாவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் மொபைல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் விசாரிக்கறா. ரொம்ப அன்பா விசாரிக்கறா. கச்சேரிக்குத் தேதி மட்டும் ஒருத்தரும் கேக்கலை."

சீசனுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த கச்சேரிகளிலும் ஓய்வெடுக்கட்டுமே என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

முழுத் தனியையும் வெளியிட்டுவிடலாம், ஜனங்கள் வாசிப்பைப் பார்க்கட்டும் என்று அந்த ஹால்காரர்களிடம் பேசினேன். "போட்டுடலாம் மேடம். கடைசில அந்த நடுக்கத்தை மட்டும் கட் பண்ணிக் குடுங்க. பாவம், பெரியவரு" என்றார்கள். அதை மாமாவிடம் சொன்னேன்.

"அதை வெட்டினா, யாரோ ஆரோக்கியமானவன் வாசிச்சதுன்னா ஆயிடும்? நான் வாசிச்சேம்மா. இந்தக் கையால."

அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தனி இன்றுவரை எங்கும் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஷாட்டை எங்கே தொடங்குவது என்பதை நானே கற்றுக்கொண்டேன், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். எங்கே முடிப்பது என்பதைத் திரையில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் சொன்னபடியே செய்தாலும், உலகம் தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க எந்த ஸ்விட்சரிலும் பட்டன் இல்லை.

மாமா இன்னும் காலையில் வாசிக்கிறார். போன வாரம் போனபோது மாடிப்படியில் நின்று முடியும்வரை கேட்டேன். உள்ளே போய், "ஒரு நாள் கேமரா கொண்டுவரட்டுமா மாமா?" என்றேன்.

"எதுக்கு? நீதான் படியில நின்னு கேட்டியே" என்றார். பக்கத்தில் இருந்த பாயைக் காட்டினார். உட்கார்ந்தேன்.