புகையைப் பிடிக்கும் இரண்டு திரவங்கள்

புகையிலிருக்கும் கரியமில வாயுவைத் திரவத்தில் பிடித்து, பிறகு சூடேற்றித் தனியே எடுப்பது என் தொழில்; எந்தத் திரவம் நன்றாகப் பிடிக்கும், எது குறைந்த சூட்டில் விடும் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் பதில் சொல்லத் திண்டாடுபவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

பஸ்ஸில்

முதல் திரவம் அமீன். எல்லோரும் பயன்படுத்துவது. பிடிப்பதில் கெட்டி, வாசனைதான் ஆகாது. கீழ்பென்னாத்தூரில் வேலை முடித்துத் திருவண்ணாமலை பஸ் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்திருந்த என்னிடம் ஒருநாள் கண்டக்டர் சொன்னார்: "கருவாட்டுக் கூடைய பின்னாடி வெச்சிடும்மா, நாத்தம் தாங்கல."

நீராவி

எங்கள் சோதனைக் கோபுரம் நிற்பது ஓர் அரிசி ஆலையின் புகைபோக்கி ஓரம். பிடித்த வாயுவை விடுவிக்க அமீன் ஏகப்பட்ட நீராவி கேட்கும். அந்த நீராவியில்தான் ஆலையில் நெல்லும் அவிய வேண்டும். முதலாளி ஒருநாள் நேராக வந்து நின்றார்.

"நெல்லு வேவறதுக்கே ஸ்டீம் பத்தல. இந்த மாசம் பாப்பேன், அப்புறம் கழட்டிக்கினு போயிடுங்க."

அமைதியான நாள்

மிச்சமிருந்த நம்பிக்கை நானே கலந்த இரண்டாவது திரவம். மூன்று வருட உழைப்பு. காலையில் புகையை ஒருமுறை அளந்துவிட்டு, மதியம் சோதனையைத் தொடங்கினேன். ஆலையில் சத்தமே இல்லை. எனக்கு வசதியாகத்தான் பட்டது. முடிவைப் பார்த்தால், அமீன் பிடித்ததில் பாதிகூட இல்லை. நோட்டில் "தேறாது" என்று எழுதிவிட்டு அழுதேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பாய்லர்காரர் ஏழுமலை கால் வலியோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"நேத்து பௌர்ணமி மேடம். எல்லாரும் கிரிவலம் போய்ட்டோம். மதியத்துலேர்ந்து உமிய கம்மி பண்ணி, காத்துக் கதவ தொறந்து வுட்டுட்டேன். புகையே இல்லாம உங்க தண்ணி எத்தப் புடிக்கும்?"

மறுசோதனை

இரண்டு திரவங்களுக்கும் ஒரே அளவு தீ. ஏழுமலை பார்த்துப் பார்த்து உமி போட்டார். என் திரவம் அமீனைவிடச் சற்றுக் குறைவாகத்தான் பிடித்தது, மறைக்கவில்லை. ஆனால் நீராவி பாதி போதும்; நாற்றமும் இல்லை. நெல் அவிந்துகொண்டிருக்கும்போதே முதலாளி அழுத்த மீட்டரை உற்றுப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முள்ளு எறங்கவே இல்லியே! கோபுரம் இங்கியே இருக்கட்டும்மா. பெயிண்ட் மட்டும் அடிச்சிடுங்க, பாக்க நல்லால்ல."

முனைவர் பட்டம் வரை வேதியியல் படித்த எனக்கு, திருவண்ணாமலையிலேயே பிறந்தும், ஆய்வுக்கருவிக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்ட இவ்வளவு நாளாகியிருக்கிறது.